வாய்வு நோவும் அதன் தணிவும்

யாழ்ப்பாணத்து ஊர்களில், உடலில் தோன்றும் நோவுகளுட் பலவற்றிற்குப் பொதுப்பெயராய் வழங்குவது வாய்வு என்னுஞ் சொல்லாகும். வயிறு பொருமினாலும் வாய்வு. விலாவிற் குத்தினாலும் வாய்வு. முதுகு பிடித்தாலும் நெஞ்சு அடைத்தாலும் வாய்வு. காரணம் விளங்காத நோவுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடின் மனம் ஆறுதல் அடைகின்றது. ஆயின் பெயரிடுதல் வேறு. காரணம் அறிதல் வேறு. குடலிற் சேரும் வாயு யாது, அது நோவு தருவது எவ்வாறு, அதனைத் தணிக்கும் வழிகள் எவை, வாய்வு என்று கூறி வாளாவிருத்தல் தகாத இடங்கள் எவை என்பன தெளியப்பட வேண்டியன.

இவ்வழக்கிற்கு ஒரு மூலம் உண்டு. தமிழ் மருத்துவ நூல்கள் வாதம், பித்தம், ஐயம் என மூன்றனை வகுத்து, அவற்றுள் வாதத்தை முதற்கண் வைத்தெண்ணின. பிராணன், அபானன் முதலாய பத்து வாயுக்களையும் அவை கூறின. அந்நூலார் கருத்தில் வாயு என்பது மூச்சு, விழுங்கல், கழிவுநீக்கம் முதலாக உடலில் நிகழும் இயக்கங்களைக் குறிக்கும் பரந்த சொல். குடலில் அடைபடுங் காற்றை மாத்திரம் குறிப்பதன்று. மக்கள் வழக்கிலோ இவ்விரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட்டன. அதனால் விளைந்த மயக்கம் இன்றும் நீங்கிற்றில்லை.

மேலைநாடுகளில் இப்பொருளை ஆராயப் புகுந்தோர், குடலிலுள்ள ஆவிப்பொருளையே நேராக எடுத்து ஆய்ந்தனர். 'காஸ்' என்னுஞ் சொல்லைப் படைத்தவர் 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரசெல்சு நகரத்து வான் எல்மொன்று ஆவர். குடல்வாயுவும் அவர் கருத்தைக் கவர்ந்த பொருள்களுள் ஒன்றாயிற்று. 1816 இல் பிரான்சிய உடற்றொழிலியலாளர் மாசண்டி, மரணதண்டனை நிறைவேற்றப்பட்டோரின் குடல்களிலிருந்த வாயுக்களை ஆராய்ந்து வெளியிட்டார். நைதரசன், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஐதரசன், மெதேன் என்னும் ஐந்துமே குடல்வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேலாகும் என்பது இன்று தெளிவு. இவ்வைந்தும் மணமற்றவை. நாற்றத்திற்குக் காரணமாவன ஐதரசன் சல்பைட்டு முதலாய கந்தகச் சேர்வைகள். அவற்றின் அளவு மிகச் சிறிது.

இவ்வாயுக்கள் குடலை அடையும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, விழுங்கப்படுங் காற்று. உணவோடும் நீரோடும் உமிழ்நீரோடும் சிறிது காற்று உட்செல்வது இயல்பு. விரைந்துண்போர், உண்ணும்போது ஓயாது பேசுவோர், புகைபிடிப்போர் ஆகியோரிடத்து இது மிகும். இதன் பெரும்பகுதி ஏப்பமாய் வெளியேற, எஞ்சியது குடலினுட் செல்லும். இரண்டாவது, இரைப்பையிலிருந்து வரும் அமிலம் முன்சிறுகுடலில் காரப்பொருளோடு கலக்கும்போது தோன்றுங் காபனீரொட்சைட்டு. இதிற் பெரும்பங்கு குருதியினால் உறிஞ்சப்பட்டு மூச்சோடு நீங்கும்.

மூன்றாவதே முதன்மையானது. சிறுகுடலிற் சமிபாடடையாது எஞ்சிய மாப்பொருள்களும் வெல்லங்களும் பெருங்குடலை அடைந்ததும், ஆங்கு வாழும் எண்ணிறந்த பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் தோற்றுவிக்கின்றன. மெதேனைத் தோற்றுவிக்கும் நுண்ணுயிர்கள் எல்லோரிடத்தும் போதிய அளவில் இல்லை. கடலை, பயறு, கௌபி ஆகியவற்றில் ரபினோசு, ஸ்டக்கியோசு என்னும் வெல்லங்கள் உள்ளன. இவற்றைப் பிரிக்கும் நொதியம் மனிதனின் சிறுகுடலில் இல்லாமையினாலேயே பருப்புவகைகள் வயிற்றைப் பொருமச் செய்கின்றன. பாலிலுள்ள இலற்றோசைப் பிரிக்கும் நொதியமோ குழந்தைப் பருவத்தில் நிறைந்திருந்து, வளர்ந்தோருட் பலரிடத்துக் குறைந்துவிடுகின்றது. அத்தகையோர் பாலை மிகுதியாக அருந்தின் வயிறு உப்பி இரைதல் இயல்பே.

எனவே வாயு தோன்றுதல் நோயன்று. நலமுடைய ஒருவரின் குடலில் எந்நேரமும் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் வாயு இருக்கும். நாளொன்றில் அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை, பத்து முதல் இருபது முறையாக அது வெளியேறுதலும் இயல்பே. அவ்வாறாயின் சிலர்க்கு மாத்திரம் அது பொறுத்தற்கரிய நோவாவது ஏன்?

மிகுதியான வாயுவே நோவுக்குக் காரணம் என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1975 இல் அமெரிக்க மருத்துவர் லெவிற்றும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. வயிற்றுப் பொருமலாலும் நோவாலும் வருந்துவோரின் குடலில் இருந்த வாயுவின் அளவு, நலமுடையோரின் அளவினின்றும் குறிப்பிடத்தக்கவாறு வேறுபடவில்லை. ஆனால் ஒரே அளவு வாயுவைக் குடலினுட் செலுத்தியபோது, நலமுடையோர் எளிதிற் பொறுத்ததனை நோயாளர் பொறுக்கமாட்டாராயினர். அவர்களிடத்து வாயு ஒழுங்காகக் கீழ்நோக்கிச் செல்லாது பின்னோக்கியும் திரும்பிற்று. ஆகவே நோவின் வேர், வாயுவின் அளவைக் காட்டிலும் குடலின் இயக்கத்திலும் உணர்ச்சியிலுமே பெரிதும் உளது. அச்சமும் மனக்கவலையும் குடலின் உணர்ச்சியை மிகுவிப்பன. பரீட்சைக்கு முன் மாணவர் சிலர்க்கு வயிற்றுவலி காண்பது பொய்யன்று.

வாயு தங்கும் இடமும் கருதற்பாலது. பெருங்குடல் வலப்புறம் ஏறி, ஈரலின் கீழ் வளைந்து, குறுக்கே சென்று, இடப்புறத்து மண்ணீரலின் அருகே மீண்டும் வளைந்து இறங்குவது. இடப்புற வளைவில் வாயு அடைபடின் நோவு மார்பின் இடப்பக்கத்தில் உணரப்பட்டு, இருதயநோயோ என ஐயுறச் செய்யும். வலப்புற வளைவில் அடைபடின் பித்தப்பைக் கல்லின் நோவை ஒக்கும்.

வெளியேற வேண்டிய வாயுவை நாணத்தால் அடக்குதலும் நோவை மிகுவிக்கும். நாணத்தால் அடக்கி ஆபத்துற்ற ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்ற உரோமப் பேரரசர் குளோடியசு, விருந்திலே வாயு விடுதற்கு இசைவளிக்கும் கட்டளையொன்றைப் பிறப்பிக்க எண்ணினார் என வரலாற்றாசிரியர் சுவெற்றோனியசு எழுதியுள்ளார். நகைப்புக்குரியதாயினும் அவ்வெண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. சபையினின்று எழுந்து தனியிடஞ் செல்லுதல் நாகரிகத்திற்கும் பொருந்தும், நலத்திற்கும் பொருந்தும்.

நோவு கண்டவிடத்துச் செய்யத்தக்கன எளியவை. படுத்துக்கிடத்தலினும் எழுந்து மெல்ல நடத்தல் நன்று. நிமிர்ந்த நிலையில் வாயு விரைந்து நகர்கின்றது என்பதனையும், மெல்லிய உடற்பயிற்சி அதனை வெளியேற்றத் துணைசெய்கின்றது என்பதனையும் பாசலோனா நகரத்து ஆய்வாளர் 2003 இலும் 2004 இலும் காட்டியுள்ளனர். நடக்கவியலாதோர் மல்லாந்து கிடந்து முழங்கால்களை மார்போடு அணைக்கலாம். யோகநூலார் இந்நிலையைப் பவனமுத்தாசனம் என்பர். வயிற்றின் வலப்புறத்துக் கீழிருந்து மேலாகவும், பின் குறுக்காகவும், இடப்புறம் கீழாகவும் மெல்ல வருடுதல் பெருங்குடலின் போக்கிற்கு இசைந்தது. இளஞ்சூட்டு ஒத்தடமும் இறுகிய தசையைத் தளர்த்தும்.

சோடா குடித்து ஏப்பம் வந்தால் வாய்வு கலைந்தது என்பர். அவ்வேப்பத்தில் வெளிவருவது பெரும்பாலும் சோடாவிலேயே இருந்த காபனீரொட்சைட்டாகும். பெருங்குடலில் அடைபட்ட வாயு அதனாற் குறைவதில்லை. வேர்க்கொம்பு இரைப்பையின் இயக்கத்தை ஊக்கும் என்பதற்கு ஓரளவு சான்றுண்டு. ஓமமும் பெருங்காயமும் நெடுங்காலப் பயிற்சியாற் போற்றப்படுவன. பெப்பர்மின்று எண்ணெய் குடற்றசையின் இறுக்கத்தைத் தளர்த்துவது. ஆயினும் நெஞ்செரிவுடையோர்க்கு ஏற்றதன்று. சிமெதிக்கோன் என்னும் மருந்து சிறு குமிழிகளை ஒன்றுசேர்க்குமேயன்றி வாயுவின் அளவைக் குறைப்பதில்லை.

வருமுன் காத்தலே சிறந்தது. ஆறுதலாக மென்றுண்ணலும், ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமையும் முதற்படி. கடலை, பயறு முதலியவற்றை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அவித்தால் வாயுதரும் வெல்லங்களில் ஒரு பகுதி நீங்கும். முளைகட்டுதலும் அவற்றைக் குறைக்கும். உழுந்துமாவைப் புளிக்கவைத்துத் தோசையும் இட்டலியும் ஆக்குங்கால், பெருங்குடலில் நிகழவேண்டிய நொதித்தலில் ஒரு பங்கு பாத்திரத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது. பால் ஒவ்வாதோர்க்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வாய்வுக்கு மருந்தெனப் போற்றப்படும் உள்ளியிலும், வெங்காயத்திலும், கோதுமையிலும் எளிதில் நொதிக்கும் பொருள்கள் உள்ளன என்பது பலர் அறியாதது. மெல்பேண் நகரத்து மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையில், இத்தகைய உணவுகளைச் சில கிழமைகள் நீக்கிப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தமக்கு ஒவ்வாததனை அறிந்துகொள்வர். ஒருவர்க்கு ஒவ்வாதது யாவர்க்கும் ஒவ்வாததன்று. ஆதலின் கேள்விப்பட்டவையெல்லாவற்றையும் விலக்கி உடலை மெலிவித்தல் தவறு.

இனி, வாய்வு என்று எண்ணி வாளாவிருத்தல் தகாத இடங்கள் உள. நெஞ்சை அழுத்தும் நோவு தோள், கை, தாடை ஆகியவற்றிற்குப் பரவுதலும், வியர்த்தலும், மூச்சு முட்டுதலும் மாரடைப்பின் குறிகள். முதியோர், நீரிழிவுடையோர், பெண்கள் ஆகியோரிடத்து அது கடும் நெஞ்சுநோவின்றி, மேல்வயிற்று உபாதையாகவோ சமிபாடின்மை போலவோ தோன்றுதலும் உண்டு. அந்நேரத்தில் இஞ்சிச்சாறு கொடுத்து விடியுமட்டும் பார்த்திருத்தல் உயிருக்கே கேடாகும். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து நோயாளர் காவுவண்டியை உடனே வரவழைத்தல் வேண்டும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றிற்கு மாறும் நோவு குடல்வாலழற்சியாகலாம்; அப்போது ஆமணக்கெண்ணெய் முதலாய பேதிமருந்து கொடுத்தல் ஆபத்தானது. வயிறு வீங்கி, வாந்தியோடு மலமும் வாயுவும் அடைபடுதல் குடலடைப்பின் குறி. மலத்திற் குருதி, காரணமின்றி உடல் மெலிதல், வாரக்கணக்கில் நீங்காத வயிற்றுப்பொருமல் ஆகியனவும் வைத்தியரிடம் கூறப்படவேண்டியன. சிறப்பாக, நடுவயதைக் கடந்த பெண்களிடத்து நீங்காத பொருமல் சூலகப் புற்றுநோயின் முதற்குறியாதலும் உண்டு.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையதாயினும், அதன் பெரும்பகுதி உண்ணும் அளவையும் பசியின் அளவையுமே பேசுகின்றது. வாய்வு நோவிற் பெரும்பங்கு அவ்வளவறிதலாலேயே தணியும். எஞ்சிய சிறு பங்கினை வாய்வு என்று பெயரிட்டு மறைத்துவிடாது, காலத்தே வைத்தியரிடம் காட்டுதலே அறிவுடைமையாகும்.