டச்சுப் பையன்கள் வளர்ந்த கதை

1848-இல் நெதர்லாந்தில் படைக்கு ஆள் எடுத்தபோது, நான்கு இளைஞர்களில் ஒருவரை உயரம் போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். கேட்ட உயரம் ஒன்றும் அதிகமில்லை. சுமார் 157 சென்டிமீட்டர், ஐந்தடி இரண்டங்குலம். இன்று உலகிலேயே நெடிய ஆண்கள் அந்த நாட்டில்தான். 19 வயதுப் பையனின் சராசரி உயரம் ஏறத்தாழ 183 சென்டிமீட்டர். புது வீட்டின் கதவு நிலை 2.3 மீட்டர் இருக்க வேண்டும் என்று கட்டட விதியையே திருத்திவிட்டார்கள்.

ஐந்தாறு தலைமுறைக்குள் ஒரு நாட்டாரின் மரபணு இவ்வளவு மாறிவிடாது. அப்பா அம்மா உயரம்தான் பிள்ளைக்கு என்பது பொய்யில்லை. நன்றாகச் சாப்பிட்டு வளரும் பையன்களுக்குள் தெரியும் உயர வேறுபாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மரபணுவால் வருவது. அன்றைய பையனோ தன் மரபணு அனுமதித்த உயரத்தை எட்டவே இல்லை. ஏழை வீட்டில் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. 1845-இல் அந்தப் பயிரிலும் நோய் விழுந்தது. அழுக்குத் தண்ணீர், ஓயாத வயிற்றுப்போக்கு. தின்ற கொஞ்சமும் நோயோடு போராடவே சரியாகப் போனது, எலும்புக்கு எங்கே மிச்சம்? அவர்கள் இருபது வயது தாண்டியும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இன்றைய பையன் பதினெட்டு வாக்கில் முடித்துவிடுகிறான்.

1853-இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. போகப்போகப் பாலும் பாலாடைக்கட்டியும் ஏழைகளுக்கும் எட்டின. வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. எல்லாரும் பாலைத்தான் புகழ்கிறார்கள். சாக்கடை கட்டியவர்களுக்கும் அதில் பாதிப் புகழ் சேர வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

உடற்பயிற்சியா? கம்பியில் தொங்கச் சொல்லும் மாமாக்கள் நம் ஊரில் உண்டு. கை கால் எலும்பு நீள்வது அதன் முனையருகே உள்ள குருத்தெலும்பில். பருவ வயது ஹார்மோன்கள் அதை மூடியபின் எந்தக் கம்பியும் அதைத் திறக்காது. ஓடி விளையாடினால் எலும்பு உறுதியாகும், நன்றாகப் பசிக்கும். வயிற்றைக் காயப்போட்டுக் கடும்பயிற்சி செய்தால் வளர்ச்சி தள்ளிப்போகவும் கூடும்.

2021-இல் டச்சுப் புள்ளியியல் துறை ஒரு செய்தி சொன்னது: 2001-இல் பிறந்த ஆண்கள், 1980-இல் பிறந்தவர்களைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கூடியது ஒரு காரணம். ஆனால் தாத்தா பாட்டி நால்வரும் அங்கேயே பிறந்த பையன்களும் மேலே வளரவில்லை. மரபணுவின் எல்லை வந்துவிட்டதா, சாப்பாடு கெட்டுவிட்டதா என்று விவாதிக்கிறார்கள். எனக்குச் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம்.