மருத்துவச் சீட்டின் சொற்களை அறிவோம்

நோய் தீர மருந்து எவ்வளவு இன்றியமையாததோ, டாக்டர் கூறும் சொல்லின் பொருளை அறிவதும் அவ்வளவு இன்றியமையாதது. ஆஸ்பத்திரிச் சீட்டில் காணும் சில சொற்கள் அன்றாடப் பேச்சில் ஒரு பொருளும், மருத்துவத்தில் வேறொரு பொருளும் தருவன. இவ்வேறுபாட்டை அறியாமல் சிகிச்சையைப் பாதியில் விடுவோர் உளர். ஆகவே, நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் சில சொற்களை இங்கு விளக்குவோம்.

'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்': பேச்சு வழக்கில் 'பாசிட்டிவ்' என்பது நல்லதைக் குறிக்கும். சோதனையிலோ, தேடிய பொருள் காணப்பட்டது என்பதே அதன் கருத்து. சளிச் சோதனை 'பாசிட்டிவ்' என்றால் காசநோய்க் கிருமி உள்ளது என அறிக. 'நெகட்டிவ்' என்றால் கிருமி தென்படவில்லை. எனினும் இருமல் நீடித்தால் மறுபடியும் டாக்டரைக் காணல் வேண்டும். இரத்த வகையைக் கூறுகையில் இச்சொற்கள் நோயைக் குறிப்பன அல்ல. 'ஓ நெகட்டிவ்' என்பது ஒரு வகையின் பெயரே. ஆயினும் 'நெகட்டிவ்' வகை இரத்தமுடைய கர்ப்பிணி, அதனைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் தெரிவித்தல் அவசியம்.

'அக்யூட்', 'க்ரானிக்': முன்னது திடீரெனத் தோன்றிய நோயையும், பின்னது நெடுநாள் நீடிக்கும் நோயையும் குறிக்கும். இவை காலத்தைக் காட்டுவனவேயன்றி, நோயின் கொடுமையை அளப்பன அல்ல.

'கோர்ஸ்': இது மருந்து உண்ண வேண்டிய முழுக் காலம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும். 'உடம்பு தேறிவிட்டது' என்று மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். வீட்டாருக்கும் நோய் பரவும்.

'கண்ட்ரோல்': நீரிழிவோ இரத்த அழுத்தமோ 'கண்ட்ரோலில் உள்ளது' என்றால் குணமாயிற்று என்பதன்று, மருந்தால் அடங்கி நிற்கிறது என்பதே பொருள். மருந்தை விட்டால் மீண்டும் தலைதூக்கும். இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீடு தேடி வழங்குவதற்கே 2021ஆம் ஆண்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது.

'பி.பி.': இதில் எண்கள் இரண்டு. 120/80 என்பதில் முதல் எண் இருதயம் சுருங்கும்போதும், இரண்டாவது அது தளரும்போதும் இரத்தக் குழாயில் உள்ள அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் சிகிச்சை குறித்து டாக்டரைக் கலந்தாலோசித்தல் வேண்டும். வலி ஏதும் தோன்றாததால் நோய் இல்லை என எண்ணலாகாது.

'ஹீமோகுளோபின்': இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் பொருள் இது. கர்ப்பிணிக்கு இது 100 மில்லி இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை எனக் கொள்வர். இரும்புச்சத்து மாத்திரையை அலட்சியம் செய்தால், பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கு தாயின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

விளங்காத சொல்லைக் கேட்டறிவதில் இழிவு ஏதுமில்லை. டாக்டரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தயங்காது கேளுங்கள். எழுத்தறிந்தோர், மகளிர் குழுக் கூட்டங்களில் இச்சொற்களைப் பிறருக்கும் எடுத்துரைப்பாராக. ஒரு சொல்லின் பொருள் தெரிந்ததால் ஓர் உயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த கிராமத் தொண்டு வேறு உண்டோ!