சரக்கு ஒன்று, கணக்கு மூன்று ஏன்?

மொத்த வியாபாரக் கடைகள் பலவற்றில் பில் போட ஒரு மென்பொருள், குடோன் இருப்புக்கு ஒன்று, வரவு செலவுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். இரவு கடை சாத்தும்போது மூன்றும் மூன்று கணக்குச் சொல்கின்றன. இவற்றை இணைக்கும் முறைக்குச் 'சேவை சார்ந்த மென்பொருள் அமைப்பு' என்று பெயர். அமெரிக்காவின் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1996-ல் இதைப் பற்றி எழுதியது. ஆனால் பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. காரணத்தைத் தெரிந்துகொண்டு பணம் போடுவது நமக்கு நல்லது.

முறை எளியது. பில் போடுகிறவர் குடோனுக்குள் போய் இருப்பு நோட்டைப் புரட்டக் கூடாது. சீட்டு அனுப்பிக் கேட்க வேண்டும். குடோன்காரர் பதில் சொல்வார். அவர் நோட்டை எப்படி எழுதினாலும் பில் மேசைக்குக் கவலை இல்லை.

ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று. நம் மென்பொருள் விவரம் அனுப்புகிறது. தளம் சரிபார்த்துப் பதிவு எண் தருகிறது. இதுவும் ஒரு சேவையே. எல்லோருக்கும் ஒரே படிவத்தை அரசு வகுத்ததால் அது நடக்கிறது. ஒரு நிறுவனத்துக்குள் அந்தப் படிவத்தை வகுப்பது யார்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பேச்சு ஒன்றாக இல்லை. துவரம் பருப்பைக் குடோன் மூட்டையில் எண்ணும். பில் கிலோவில் போடும். கணக்கர் ரூபாயில் எழுதுவார். இதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, உழைப்பு ஒருவருக்கு, பலன் மற்றவருக்கு. குடோன் பிரிவு செலவு செய்து சேவை அமைத்தால் லாபம் பில் பிரிவுக்கு. யார் முன்வருவார்?

மூன்றாவது, சீட்டு வழியில் தொலையலாம். பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்பினால் ஒரே மூட்டை இருப்பில் இரண்டு முறை கழியும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் இட்டு, வந்த எண்ணே மறுபடி வந்தால் கழிக்காதபடி செய்ய வேண்டும். ஒரே மென்பொருளாக இருந்தபோது இந்த வேலை இல்லை.

சுமார் 2002-ல் அமேசானில் ஜெஃப் பெசோஸ், பிரிவுகள் சேவை வழியாக மட்டுமே தகவல் பரிமாற வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டதாக, அங்கே பணிபுரிந்த ஸ்டீவ் யெகி 2011-ல் எழுதினார். முதலாளியே நின்று நடத்திய அங்கும், கோளாறு எந்தப் பிரிவில் என்று தேடுவது பெரும்பாடாக இருந்ததாம். வேறு பல நிறுவனங்களோ இணைப்புக் கருவியை விலைக்கு வாங்கினாலே போதும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டின. 2009 ஜனவரியில் ஆன் தாமஸ் மேன்ஸ் என்ற ஆய்வாளர், இந்தப் பெயரே செத்துவிட்டது, சேவைகள்தான் வாழும் என்ற கருத்தில் எழுதும் நிலை வந்தது.

ஆகவே வணிக நண்பர்களே, மென்பொருள் விற்பவர் வரும் முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே பெயர், ஒரே அளவு, அதற்குப் பொறுப்பாளர் யார் என்று எழுதுங்கள். பிறகு விலைப்பட்டியல் ஒன்றை மட்டும் முதலில் இணைத்துப் பாருங்கள். அது ஒழுங்காக ஓடிய பின் அடுத்ததற்குப் போகலாம். அந்தத் தாளை எழுத முடியாத கடைக்கு எந்தக் கணிப்பொறியும் கணக்கை நேராக்கித் தராது.