பள்ளிக்கூடமா, இணையவழிப் படிப்பா?

கட்டாயக் கல்விச் சட்டம் (2009) 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் செல்லும். அதன்பின் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதா, வீட்டிலிருந்தே படிப்பதா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் ஒன்பதாம் வகுப்பை எட்டும் பிள்ளைக்கும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

இணையவழியை நாடுவோருக்கு அரசு அங்கீகாரத்தோடு இருப்பது 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்.ஐ.ஓ.எஸ். என்றால்தான் பலருக்கும் தெரியும். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுதித் தீர்க்க வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், தேர்வும் ஆண்டுக்கு இருமுறை நடக்கும். 2021 ஆகஸ்டில் இந்நிறுவனம் இணையப் பள்ளியையும் தொடங்கியது. மறு ஆண்டு டெல்லி அரசு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கான தன் இணையப் பள்ளியே நாட்டின் முதலாவது என்று அறிவித்தபோது, அந்தப் பெருமை தனக்கே உரியது என்று என்.ஐ.ஓ.எஸ். மறுப்பு வெளியிட்டது.

இணையவழி என்றாலும் எல்லாம் திரையிலேயே முடிந்துவிடாது. பொதுத்தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அறிவியல் செய்முறைக்கும் கல்வி மையத்துக்குப் போக வேண்டும். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் மங்கலான இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் அந்தச் சொட்டோடு குழாயை மூடுவது, எத்தனை காணொளி பார்த்தாலும் கைக்கு வந்துவிடாது. காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பது தமிழ்வழி மாணவருக்கு இன்னொரு சிரமம்.

திரைவழிக் கல்வியின் குறைகளைத் தமிழ்நாடு கொரோனா காலத்தில் நேரிலேயே பார்த்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் சில வாரங்கள் திறந்து மூடி, 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு மீண்டும் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆனால் வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் இணைய வகுப்பு நடந்தும் பயனில்லை. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களைத்தான் அனுப்பியது.

அரசுப் பள்ளியை விடுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டியது, பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் கிடைப்பவற்றை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (2020) ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் பள்ளிப் படிப்பே அடிப்படை. இலவசப் பேருந்துப் பயண அட்டை, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் ஆகியவையும் பள்ளிக்குப் போகிறவருக்கே. இடையில் விலகினால் இவற்றையெல்லாம் இழக்க நேரும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இணையத்தில் வகுப்பு நடத்தும் எல்லாரும் சான்றிதழ் தர முடியாது. எந்த வாரியத்தின் தேர்வு, அந்தச் சான்றிதழைக் கல்லூரியும் அரசு வேலையும் ஏற்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நோயினால் நடமாட முடியாதவர், முழுநேர விளையாட்டுப் பயிற்சியில் இருப்பவர், குடும்பச் சூழலால் படிப்பை விட்டு மீண்டும் தொடர்பவர் ஆகியோருக்குத் திறந்தநிலைப் படிப்பு ஏற்றது. தானாக நேரம் ஒதுக்கிப் படிக்கும் பழக்கமும், சந்தேகம் கேட்க ஒருவரும் அவர்களுக்கு வேண்டும். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடமே நல்லது. பள்ளிக்குப் போய்க்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த விரும்புவோர், தமிழிலும் பாடக் காணொளிகள் தரும் அரசின் ‘மணற்கேணி’ செயலியை இலவசமாகப் பார்க்கலாம்.