பெயர் ஒன்று, வாட் வேறு

ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் என்விடியா நிறுவனம் இரண்டு பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலாவது 2022 அக்டோபரில் டெஸ்க்டாப் கணினிகளுக்காக வந்த கிராஃபிக்ஸ் கார்டு. நிறுவனத்தின் சொந்தப் பதிப்பு 30 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் தடிமன், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. இரண்டாவது 2023 பிப்ரவரியில் லேப்டாப்களின் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டு வந்தது. கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குபவர் இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பார். ஆனால் உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

டெஸ்க்டாப் 4090-இல் இருப்பது ஏடி102. அதில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள். கணக்குப் போடும் கூடா கோர்கள் 16,384. லேப்டாப் 4090-இல் இருப்பது அதைவிடச் சிறிய ஏடி103. கோர்கள் 9,728 மட்டுமே. இதே ஏடி103, இதே 9,728 கோர்களுடன் டெஸ்க்டாப்பில் விற்கப்பட்டபோது அதன் பெயர் ஆர்டிஎக்ஸ் 4080. நினைவகத்திலும் இந்த இடைவெளி உண்டு. டெஸ்க்டாப் கார்டில் 24 ஜிபி, நொடிக்கு 1,008 ஜிபி வேகம். லேப்டாப்பில் 16 ஜிபி, நொடிக்கு 576 ஜிபி.

அந்த வரிசை முழுவதும் இப்படித்தான் ஒவ்வொரு படி இறங்குகிறது. லேப்டாப் 4080-க்குள் டெஸ்க்டாப் 4070-இன் சிப் இருக்கிறது. லேப்டாப் 4070-க்குள் டெஸ்க்டாப் 4060 டிஐ-யின் சிப். 4060-க்கு வந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே சிப், ஒரே 3,072 கோர்கள், ஒரே 8 ஜிபி.

இதற்குக் காரணம் மின்சாரம். டெஸ்க்டாப் 4090 முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். ஆறு சாதாரண சீலிங் ஃபேன்கள் ஒன்றாகச் சுற்றினால் ஆகும் செலவு அது. லேப்டாப் 4090-க்குக் கிடைப்பதோ 150 வாட். சிபியூ ஓய்வாக இருந்தால் அதன் பங்கிலிருந்து மேலும் 25 வாட் வரை வாங்கிக்கொள்ளலாம். சிப்புக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டிக்குள், சிபியூவும் பக்கத்திலேயே கொதிக்கும் இடத்தில், 450 வாட்டை வெளியேற்ற வழியில்லை.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தட்டையான செம்புக் குழாய்கள் சிப்பின் மேலிருந்து ஓரத்துக்கு ஓடுவது தெரியும். அவை வெறும் கம்பிகள் அல்ல. காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கும். சிப்பின் பக்கம் அது ஆவியாகி வெப்பத்தைச் சுமந்துகொண்டு மறுமுனைக்குப் பாய்கிறது. அங்கே மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே விசிறி தள்ளும் காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் அந்த நீரைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் சிப்புக்கே திருப்பிக் கொண்டுவருகின்றன. இந்தச் சுழற்சி எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ, அதுதான் அந்த லேப்டாப்பின் உண்மையான எல்லை. விளையாட்டைத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கிடைக்கும் வேகம் அரை மணி நேரம் கழித்துக் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

மின்சாரம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்தால் வேகமும் அதே அளவு குறைந்துவிடுமா? குறையாது. சிப்பின் மின்செலவு அதன் துடிப்பு வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். எனவே உச்சத்தில் கிடைக்கும் கடைசிச் சில சதவீத வேகத்துக்கு மின்சாரம் எக்கச்சக்கமாகச் செலவாகிறது. டெஸ்க்டாப் 4090-இன் மின்வரம்பை 70 சதவீதமாகக் குறைத்தாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் இழப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. லேப்டாப் சிப்கள் இந்தச் சிக்கனமான பகுதியில்தான் ஓடுகின்றன. 4கே திரையில் லேப்டாப் 4090 தன் டெஸ்க்டாப் அண்ணனின் வேகத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே தருகிறது. பெயர் சொல்வதைவிட இது மிகக் குறைவு. ஆனால் அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்துக்கு மிக நல்ல விளைச்சல்.

பெயரும் பொருளும் ஒத்துப்போன காலமும் ஒன்று இருந்தது. அதற்கு முன்பு லேப்டாப் சிப்களின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து வரும். ஜிடிஎக்ஸ் 980-இல் 2,048 கோர்கள், 980எம்-இல் 1,536. வாங்குபவருக்கு வேறுபாடு பெயரிலேயே தெரிந்தது. 2016 ஆகஸ்டில் பத்தாம் வரிசை லேப்டாப்களுக்கு வந்தபோது என்விடியா அந்த எழுத்தை எடுத்துவிட்டது. அன்று அது நியாயமாகவும் இருந்தது. ஜிடிஎக்ஸ் 1080-இல் இரு பக்கமும் 2,560 கோர்கள். 1070-இலோ டெஸ்க்டாப்பில் 1,920, லேப்டாப்பில் 2,048! பிறகு டெஸ்க்டாப் கார்டுகளின் வாட் ஏறிக்கொண்டே போனது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3080 லேப்டாப்களுக்கு வந்தபோது டெஸ்க்டாப்பில் 8,704 கோர்கள், லேப்டாப்பில் 6,144 என்று மீண்டும் பிளவு விழுந்தது. போன எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. 'லேப்டாப் ஜிபியூ' என்ற ஒட்டு அதிகாரபூர்வப் பெயரில் இருந்தாலும் விளம்பரங்களில் அது பெரும்பாலும் காணாமல் போகிறது.

லேப்டாப்களுக்குள்ளேயே இன்னொரு குழப்பம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்த என்விடியா அனுமதிக்கிறது. 4070-க்கும் அதே வரம்புதான். மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைபட்ட 4070, தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4060-இடம் தோற்கக்கூடும். கூடுதல் பணம் கொடுத்து, குறைந்த வேகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் நிலை இது. மாடல் எண் அச்சாகும் அதே அளவில் வாட் எண்ணும் பெட்டியின் மேல் அச்சாக வேண்டும். இப்போதைக்கு அதைத் தயாரிப்பாளரின் இணையதள விவரப் பட்டியலில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பேட்டரியில் ஓட்டும்போது நிலைமை இன்னும் இறுக்கம். விமானத்தில் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி என்பதால் பெரிய லேப்டாப்களும் அதற்குள்ளேயே நிற்கின்றன. 175 வாட் இழுக்கும் சிப்புக்கு அது முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கியதும் சிப்பின் வாட் கணிசமாகக் குறைக்கப்படுகிறது.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 இந்தக் கதையை இரண்டு திசையில் நகர்த்தியிருக்கிறது. டெஸ்க்டாப் கார்டு 21,760 கோர்களுடன் 575 வாட்டுக்கு ஏறிவிட்டது. லேப்டாப் 5090 10,496 கோர்களுடன் பழைய 175 வாட்டிலேயே நிற்கிறது. 4கே விளையாட்டே குறி என்றால் இடைவெளி முன்பைவிட அதிகம். அதே பணத்துக்கு டெஸ்க்டாப்தான் வேகம் தரும். நினைவகத்தில் மட்டும் லேப்டாப் 24 ஜிபியைத் தொட்டு, டெஸ்க்டாப் 4090-க்குச் சமமாகிவிட்டது. 16 ஜிபிக்குள் அடங்காத ஏஐ மாடல்களைத் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்கும், கனமான முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் அனிமேஷன் கலைஞருக்கும் சில விநாடி வேகத்தைவிட இந்தக் கூடுதல் 8 ஜிபிதான் பெரிய லாபம்.