15 கிலோமீட்டர் தாண்டிய வை-ஃபை

ஹாலில் வைத்த ரவுட்டரின் சிக்னல் கொல்லைப்புறம் வரை வரவில்லையே என்று அலுத்துக் கொள்பவரா நீங்கள்? அதே வை-ஃபை, தேனி மாவட்டத்தில் சுமார் 15 கிலோமீட்டர் வரை பாய்ந்து பலருடைய கண்பார்வையைக் காப்பாற்ற உதவியிருக்கிறது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் நம் ஊர் மருத்துவமனையும் சேர்ந்து செய்த வேலை இது.

நம் மாவட்டத்துக்காரர்

சாகுபுரம் பக்கத்து வாசகர்களுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவை சிகிச்சை செய்தவர். 1973-இல் பத்மஸ்ரீ பெற்றார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையை ஆரம்பித்தார்.

கண் மங்கினாலும் கிராமத்தார் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புவதில்லை. பஸ் செலவு, ஒருநாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் போய்விடும். இதற்காக 2004-இல் இருந்து ‘விஷன் சென்டர்’கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தொலைவில் இருக்கும் டாக்டர், கம்ப்யூட்டர் திரையில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். ஆனால் வீடியோவுக்கு வேகமான லைன் வேண்டுமே? அன்று கிராமங்களில் அது இல்லை.

பெர்க்லி வந்தது

கைகொடுத்தது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். இங்க்டோமி என்ற சர்ச் என்ஜின் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பேராசிரியர் எரிக் ப்ரூவரின் குழு அது. விலை மலிவான வை-ஃபை கார்டுகளையும், ஒரே திசையில் குறிவைக்கும் ஆன்டெனாக்களையும் கோபுரங்களில் பொருத்தினார்கள்.

ஆன்டெனா மட்டும் போதாது. ஒவ்வொரு தகவல் பொட்டலம் போனதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்காக வை-ஃபை காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். ‘தொலைந்துவிட்டது’ என நினைத்து மறுபடி அனுப்பும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. எனவே குழு, சாஃப்ட்வேரை மாற்றியது. ‘முதலில் நீ, பிறகு நான்’ என்று முறைவைத்துப் பேச வைத்தார்கள். பல பொட்டலங்களுக்குச் சேர்த்து ஒரே பதில் என்றார்கள். வேகம் 2 முதல் 5 மடங்கு கூடியது. இந்த முறையை 2007-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

கரன்ட் தந்த பாடம்

பெரிய தலைவலி தந்தது ரேடியோ அல்ல, கரன்ட். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாயின. திடீர் மின்தடையில் மெமரி கார்டுகள் கெட்டன. ஒவ்வொரு முறையும் பெர்க்லியில் இருந்து ஆள் வர முடியுமா? மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பணியாளர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போகும் திட்டங்களைப் போல இது ஆகாததற்கு அதுவே காரணம்.

2008-இல் அரவிந்த், உலக நலவாழ்வுக்கான கேட்ஸ் விருதைப் பெற்றது. இன்று அதன் பார்வை மையங்கள் 100-க்கும் மேல். பிராட்பேண்டும் செல்போன் நெட்வொர்க்கும் பரவியதால் தனிக் கோபுரத்தின் தேவை குறைந்துவிட்டது. திரையில் டாக்டரைப் பார்க்கும் முறை மட்டும் நிலைத்துவிட்டது.

உங்கள் வீட்டுக்கு

இந்தக் கதையில் உங்களுக்கும் இரண்டு குறிப்புகள் உண்டு. ரவுட்டரை அலமாரிக்குள் ஒளிக்காமல், தடையில்லாத உயரமான இடத்தில் வையுங்கள். நல்ல யுபிஎஸ் ஒன்றையும் இணையுங்கள். சிக்னல் கிடைக்கவில்லை என்று புது ரவுட்டர் வாங்க ஓடுமுன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.