கடலில் ரசாயனம் கொட்டினால்... கணினி கேட்கும் முதல் கேள்வி!

‘‘அக்காள்மடத்தில் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கிறோம். கேரளாவில் கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று கணினி மூலம் கணித்ததாகச் செய்தியில் பார்த்தேன். நம் பக்கம் அப்படி நடந்தால், கணினி எங்கள் பாசியைக் காப்பாற்றுமா?’’

ராமேஸ்வரம் தீவிலிருந்து வாசகி ஒருவர் கேட்ட கேள்வி இது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடலை நம்பிப் பிழைக்கும் அனைவருக்கும் பயன்படும் என்பதால், விரிவாகவே பார்ப்போம்.

வல்லுநர் அமைப்பு என்றால் என்ன?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல், கரும்பு, வாழை போன்ற பயிர்களுக்குக் கணினி ‘வல்லுநர் அமைப்பு’ உருவாக்கியிருக்கிறது. ‘இலை மஞ்சளா? நுனியிலா, நரம்பிலா?’ என்று அறிகுறிகளை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்தால், நோயையும் தீர்வையும் காட்டும். அனுபவசாலிகளின் அறிவை ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளாக எழுதி வைத்திருப்பதுதான் அதன் சூட்சுமம்.

கடலில் ரசாயனம் கொட்டினாலும் இதே வழிதான். பொருள் மிதக்குமா, மூழ்குமா, கரையுமா, ஆவியாகுமா என்பதைப் பொறுத்து நடவடிக்கை மாறும். 2025 மே 25 அன்று கொச்சி அருகே மூழ்கிய ‘எம்.எஸ்.சி எல்சா 3’ கப்பலில் 640 சரக்குப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் 12 பெட்டிகளில் இருந்தது கால்சியம் கார்பைடு. மாம்பழம் பழுக்க வைக்கத் தடை செய்யப்பட்டிருக்கிறதே, அதே கார்பைடு கல்தான். அதில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலின் வாயு கிளம்பும். எனவே, ‘கார்பைடு’ என்று பதிவு செய்ததுமே, ‘நெருங்காதே, நெருப்பு கூடாது’ என்றுதான் இத்தகைய அமைப்பு முதலில் எச்சரிக்கும். அந்தக் கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் மிதக்கக்கூடியவை. அவை கன்னியாகுமரி கரை வரை வந்து ஒதுங்கின.

எண்ணெய் போகும் வழி

மீன் கிடைக்கும் இடங்களைச் சொல்லும் ஹைதராபாத் ‘இன்காய்ஸ்’ நிறுவனத்தை மீனவர்களுக்குத் தெரியும். எண்ணெய்க் கசிவு போகும் திசையைக் கணிக்கும் சேவையும் அங்கே இருக்கிறது. இடம், நேரம், எண்ணெய் வகை, அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், நீரோட்டத்தையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எண்ணெய் எங்கே, எப்போது போகும் என்று வரைபடமாகக் கொடுக்கும். கடலோரக் காவல்படை அதைப் பார்த்துச் செயல்படும்.

கணக்கின் அடிப்படை எளிதுதான். எண்ணெய்ப் படலம் நீரோட்டத்தோடு போகும். கூடவே, காற்று வேகத்தில் சுமார் 3 சதவிகிதம் அதைத் தள்ளும். மணிக்கு 30 கி.மீ வேகத்தில் காற்று அடித்தால், 10 மணி நேரத்தில் காற்று மட்டுமே 9 கி.மீ தள்ளிவிடும். ஆடிக் காற்றில் தீவின் தென்கரைக்கும், வாடைக் காற்றில் வடகரைக்கும் ஆபத்து அதிகம் என்பது இதிலிருந்தே புரியும்.

எண்ணூர் சொன்ன பாடம்

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கொட்டிய எண்ணெயின் அளவு முதலில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டது. பிறகு, அது 100 டன்னைத் தாண்டியது தெரிந்தது. கரையில் திரண்ட கசடை ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. ஒரு டன் என்று சொன்னால், கணினி ஒரு டன்னுக்குத்தான் கணக்குப் போடும். தப்பான மண் மாதிரியைக் கொடுத்தால் உரப் பரிந்துரையும் தப்பாகத்தானே வரும்!

ஆக, கணினி கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு?’ என்பதுதான். அதற்குச் சரியான பதில், பெரும்பாலும் கடலில் இருக்கும் உங்களிடம்தான் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* கடலில் எண்ணெய்ப் படலமோ, சரக்குப் பெட்டியோ தெரிந்தால், ஜி.பி.எஸ் அளவு, நேரம், நிறம், வாடை, காற்றுத் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

* பெட்டியைத் தொடாதீர்கள். காற்று வரும் பக்கமாக விலகிச் செல்லுங்கள். பீடி, அடுப்பு கூடாது.

* சோப்புத்தூள் கரைசலை ஊற்றாதீர்கள். அது எண்ணெயை நீருக்குள் கலந்துவிடும். ஆழம் குறைந்த, பவளப்பாறை உள்ள நம் கடலுக்கு அது கூடுதல் கேடு.

* மிதவைகள் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ் அளவை இப்போதே மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கி வையுங்கள். வரைபடத்தில் இல்லாத பாசியைக் கணினி பார்க்காது.

* எச்சரிக்கை வந்தால், முதலில் விதைப்பாசி மிதவையை மறைவான பகுதிக்கு இழுத்துச் செல்லுங்கள். 45 நாள் பயிரில் முக்கால்வாசி நாள் ஆகியிருந்தால், அறுவடை செய்துவிடலாம். எண்ணெய் பட்ட பாசியை விற்க வேண்டாம். அதிலிருந்து எடுக்கும் காராஜினன் உணவில் சேர்கிறது.

* விற்பனை ரசீது, மிதவைப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்க அவைதான் சாட்சி.

சகோதரியின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்... கணினி பாசியைக் காப்பாற்றாது. காப்பாற்றிக்கொள்ளச் சில மணி நேரம் வாங்கித் தரும். அந்த நேரம் கிடைக்க வேண்டுமானால், முதல் தகவல் கடலிலிருந்து உடனே கரைக்கு வர வேண்டும்.